பதினேழாம் எண் நீச்சலுடை

பெஞ்சல் புயலில் வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லை முழுவதும் ஏரியாகிக் கிடந்தபோது, கிணற்று மேட்டில் நின்று அதைப் பார்த்த தேவநாதனுக்குக் குரல்கூட நடுங்கவில்லை. அப்படிப்பட்டவருக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை தபால்காரர் நீட்டிய ஒற்றைத் தாளைப் படித்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கடிதம் விழுப்புரத்திலிருந்து, வட்டார நீர் விளையாட்டு மேம்பாட்டு மையத்திலிருந்து வந்திருந்தது.

'பொருள்: பயிற்சி நீச்சலுடை எண் 17 – அகால முதுமை – விளக்கம் கோருதல். மேற்படி உடைக்கு நிர்ணயிக்கப்பட்ட ஆயுள் முப்பத்தாறு மாதங்கள். வழங்கிய நான்காம் மாதத்திலேயே அது முதுமை அடைந்திருப்பது மாதாந்திர ஆய்வில் தெரியவந்து, உடை மையத்தில் பிடித்துவைக்கப்பட்டுள்ளது. உடையின் உட்புறம், மைய முத்திரைக்கு அருகில், இனம் தெரியாத சிவப்பு அடையாளம் ஒன்றும் காணப்படுகிறது. எனவே உடையைப் பயன்படுத்திய மாணவி அருணாவும் அவருடைய தந்தையும் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு உடை ஆயுட்காலக் குழுவின் முன் ஆஜராக வேண்டும். தவறு உறுதியானால், ஞாயிறன்று நடைபெறும் மண்டலப் போட்டிப் பட்டியலிலிருந்து மாணவியின் பெயர் நீக்கப்படும். தந்தை பெயர், தாத்தா பெயர், ஊர்ப் பெயர் ஆகியவை மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஓராண்டு ஒட்டப்பட்டிருக்கும்.'

தேவநாதனுக்கு அகால முதுமை புரியவில்லை. தாத்தா பெயர் என்பது நன்றாகப் புரிந்தது. திண்டிவனத்தைச் சுற்றி ஏழெட்டு ஊர்களில் அவருடைய அப்பாவின் பெயரைச் சொன்னால் உட்கார்ந்திருப்பவன் எழுந்து நிற்பான். அந்தப் பெயரை ஒரு நீச்சலுடையோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தி வைக்கப் போகிறார்கள்.

"ராஜாமணி!" என்று கூப்பிட்டார்.

அவர் மனைவி ராஜாமணி கேப்பை மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்தாள்.

"இன்னாங்க? யாருக்கு இன்னா ஆச்சி?"

"அருணா துணிக்கு வயசாயிடுச்சாம்."

"எந்தத் துணிக்கு?"

"அந்த நீச்சல் துணிக்குத்தான். நாலே மாசத்துல கெழவியாயிடுச்சாம். உள்ள செவப்பா இன்னாவோ இருக்குதாம். அதை இன்னா பண்ணே நீ?"

ராஜாமணி மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள்.

"புதுத் துணியாச்சேன்னு மஞ்சள் வெச்சேன்."

அந்த வீட்டில் மூலையில் மஞ்சள் படாத புதுத் துணியை யாரும் உடுத்தியது கிடையாது. கல்யாணப் பட்டு முதல் கைக்குட்டை வரைக்கும் அதுதான் வழக்கம். நீச்சலுடை வெளிர்நீலம், அதில் மஞ்சள் எடுக்காது என்று ராஜாமணி உள்பக்கம் புரட்டிப் பார்த்திருக்கிறாள். 17 என்று எண் போட்டு, மையத்தின் முத்திரை குத்திய வெள்ளைப் பட்டை ஒன்று இருந்தது. அந்த முத்திரைக்குப் பக்கத்திலேயே பயபக்தியோடு ஒரு பொட்டு வைத்துவிட்டாள்.

"மஞ்சள் வெச்சா செவப்பு எப்படி வரும்?"

"மறுநாள் சோப்புப் போட்டு அலசினேன். சோப்பு பட்டா மஞ்சள் செவக்கும்ங்க. இது ஊரு உலகத்துக்கே தெரியும்."

"விழுப்புரத்துக்குத் தெரியாது" என்றார் தேவநாதன்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அருணா கதவோரம் நின்று கடிதத்தைப் படித்தாள். "தண்ணியில எறங்கினா துணி தேயத்தானப்பா செய்யும்?" என்றாள்.

"வாயை மூடு. யாராவது கேட்டுடப் போறாங்க" என்று அவர் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார். தெருவில் ஆடு ஒன்றுதான் நின்றது. அதைக்கூட அவர் முழுதாக நம்பவில்லை.

அந்த உடை வந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அருணா நீச்சல் பழகியது சொந்தக் கொல்லைக் கிணற்றில். மோட்டார் கொட்டகையின் மேல் ஏறிக் குதிப்பாள். குதித்த சத்தம் அடங்கும் முன்னே மறுகரையில் தலை தெரியும். பள்ளிப் போட்டி ஒன்றில் ஜெயித்ததும் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. மேடை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, நான்கு பேர் பேசினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாம்பாளத்தில் வைத்து ஒரு நீச்சலுடை வழங்கப்பட்டது. உடையை உயிர்போல் காப்பேன் என்று பிள்ளைகள் கை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். கூடவே அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு புத்தகம்: 'பயிற்சி நீச்சலுடை நீடித்த ஆயுள் நெறிமுறைகள்.' அதன் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: 'நீச்சலுடையின் முதல் எதிரி தண்ணீர். இரண்டாம் எதிரி வெயில். மூன்றாம் எதிரி நீந்துபவர்.'

மற்றப் பெற்றோர்கள் புத்தகத்தைப் படித்திருந்தார்கள். தேவநாதன் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்துவிட்டார். அதனால், மையத்தில் பயிற்சி என்பது மரப்பெஞ்சில் குப்புறப் படுத்துக் கையைக் காலை ஆட்டுவது என்பதும், குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல என்பதும் அவருக்குத் தெரியவில்லை. பயிற்சியாளர் பிரேம்குமாருக்குத்தான் மனசு கேட்கவில்லை. பெஞ்சில் கிடந்த அருணாவை ஒருநாள் பார்த்தவர், சனி ஞாயிறு விடியற்காலையில், அலுவலகம் திறக்கும் முன், கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒரு மணி நேரம் அவளை இறக்கிவிடத் தொடங்கினார். குளத்தில் வாளி வாளியாக பிளீச்சிங் பவுடர் கொட்டியிருந்தது. முதல் பஸ் பிடித்து மகளைக் கூட்டிப் போய்க் கரையில் உட்கார்ந்திருந்த தேவநாதன், பயிற்சி என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று பிள்ளைகளின் உடை புதுசாக இருக்க, ஒன்று மட்டும் தேய்ந்த கதை இதுதான்.

வியாழக்கிழமை காலை தேவநாதன் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில் புறப்பட்டார். பையில் பட்டா, சிட்டா, ரேஷன் கார்டு, ஆதார், மகளின் பிறப்புச் சான்று எல்லாம் இருந்தன. ராஜாமணியும் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"நீ வராதே. வாய் தவறி மஞ்சள்னு சொல்லிடுவே."

"நீங்க சொல்லாம இருந்தா சரி" என்றாள் அவள். திருவக்கரை வக்கிரகாளியம்மனுக்கு எலுமிச்சை மாலை சாத்துவதாக வேண்டிக்கொண்டு வாசல் வரை வந்தாள்.

பஸ்ஸில் அவர் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தார். முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றபோது, இங்கேயே இறங்கி ஏதாவது ஒரு வார்டில் படுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அருணா ஜன்னலோரம் உட்கார்ந்து தோள்பட்டையை முன்னும் பின்னும் சுழற்றிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்காம்.

மையத்தின் கூடத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு நீச்சலுடை. மேலே பிளாஸ்டிக் மாலை. கீழே எழுதியிருந்தது: 'எண் 1. வயது மூன்று ஆண்டு இரண்டு மாதம். இதுவரை நனையவில்லை.' அதைக் கடந்து போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்கள். தேவநாதனும் கழற்றினார்.

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரர். பெயர் வல்லரசு. பெயருக்கு ஏற்ற உடம்புதான். ஆனால் பெஞ்சின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உங்க துணி எந்த நம்பரு?"

"பதினேழு."

"நம்மளுது ஒம்போது. எம்பொண்ணு ரோஜா கடல்லதான் பழவுது. துணி பத்திரமா பீரோவுல கெடக்குது. பூச்சி அரிச்சிடப் போவுதேன்னு கற்பூரம் போட்டு வெச்சேன். அதான் பேஜாரா பூட்ச்சி. கற்பூர வாசனை வருதாம். துணிய வெச்சி சாமி கும்பிட்டியான்னு நோட்டீசு உட்டுருக்காங்க."

"கும்பிட்டீங்களா?"

"இம்மாம் பயம் காட்டுதே, கும்பிடாம இன்னாண்ணே பண்றது?"

அருணா சிரித்துவிட்டாள். கூடத்திலிருந்த அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். தேவநாதன் அவள் முழங்கையை அழுத்திப் பிடித்தார்.

"உடை எண் பதினேழு! உடன் வந்தவர்கள்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அறையில் நீள மேசை. நடுவில் திட்ட அலுவலர் கோகுலகிருஷ்ணன். ஓரத்தில் பிரேம்குமார் தலையைக் குனிந்துகொண்டு காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எதிரில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. தேவநாதன் அதில் உட்காரப் போனார்.

"ஐயே, அது துணிக்குங்க" என்றாள் பண்டகக் காப்பாளர் சௌந்தரம். அவள் கையுறை மாட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் உடையைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தாள். தேவநாதன் நின்றார். ஐம்பத்தொன்பது வயதில், தன் மகளின் உடுப்புக்கு முன்னால், கை கட்டி நின்றார்.

கோகுலகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். எதிரில் இரண்டு பேர் நின்றாலும் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தாலும் அவருக்குப் பேச்சு ஒன்றுதான்.

"பெரியவரே, இந்த மையம் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்த மூன்று ஆண்டுகளில் நீரில் மூழ்கியவர் ஒருவர்கூட இல்லை. சளி பிடித்தவர் இல்லை. வழுக்கி விழுந்தவர் இல்லை. எந்த உடையும் கிழிந்ததில்லை. மற்ற மாவட்டங்கள் எங்களைப் பார்த்து வியக்கின்றன. எப்படி இது சாத்தியமாயிற்று? யாரையும் தண்ணீரில் இறங்க விடாததால் சாத்தியமாயிற்று! நீச்சல் வீரர்கள் வருவார்கள், போவார்கள். உடை நிலைக்க வேண்டும். அடுத்த மாதம் எங்களுக்குச் சிறந்த பராமரிப்பு விருது வழங்க இருக்கிறார்கள். இந்த நேரத்தில் உங்கள் குடும்பம் இப்படிச் செய்திருக்கிறது."

'உங்கள் குடும்பம்' என்ற சொல்லில் தேவநாதனின் முதுகு வியர்த்துச் சட்டையில் ஒட்டியது.

சோதனை தொடங்கியது. முதலில் பார்வைச் சோதனை. அன்றைய நாளிதழின் மேல் உடையை விரித்துப் பார்த்தார்கள். நல்ல உடையின் வழியே எதுவும் தெரியக் கூடாது. கோகுலகிருஷ்ணன் குனிந்து, தலைப்புச் செய்தியைக் கடகடவென்று வாசித்தார். பிறகு, நடுங்கும் குரலில், வரி விளம்பரத்தையும் வாசித்தார்.

"சார், ராசிபலனே தெரியுது" என்றாள் சௌந்தரம்.

"குறித்துக்கொள்."

அடுத்தது மீள் சோதனை. தோள்பட்டியை ஒரு முழம் இழுத்து விட்டு, அது பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார்கள். மையத்தில் இருந்த ஒரே ஸ்டாப்வாட்ச் இதற்காகத்தான். பட்டி வரவே இல்லை. சௌந்தரம் காத்திருந்தாள், பிறகு கடிகாரத்தை நிறுத்தாமலே கீழே வைத்தாள்.

மூன்றாவதாக உள்பக்கத்தைப் புரட்டினார்கள். வெள்ளைப் பட்டையில் முத்திரைக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புப் பொட்டு, குங்குமம்போல, தேவநாதனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என்ன? மையத்தின் முத்திரையைப் போலவே இன்னொரு முத்திரை போட முயற்சி செய்தீர்களா?"

ஒன்றும் தெரியாது என்று சொல்லத்தான் தேவநாதன் வந்திருந்தார். பஸ்ஸில் பத்து முறை அதையே சொல்லிப் பார்த்தும் இருந்தார்.

"மஞ்சளுங்க" என்றது அவர் வாய்.

"மஞ்சளா?"

"எங்க ஊட்டுல புதுத் துணிக்கு மஞ்சள் வெக்காம கட்ட மாட்டோம்ங்க. பெரியவங்க காலத்துலேர்ந்து வழக்கம்."

"மஞ்சள் வெச்சா மஞ்சளா இருக்கணும். இது செவப்பா இருக்குதே. யார்கிட்ட பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"சோப்பு பட்டா செவக்கும் சார்" என்றாள் சௌந்தரம் மெதுவாக.

"நெறிமுறையில் இருக்கிறதா?"

அவள் அறுபத்து நான்கு பக்கத்தையும் புரட்டினாள்.

"இல்லீங்க சார்."

"அப்படியானால் சிவக்காது" என்றார் கோகுலகிருஷ்ணன்.

தேவநாதன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் பெயர் பலகையில் ஏறிவிட்டது என்றே நினைத்தார். அப்போது கோகுலகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தி, ஒரு தாளை மேசையில் நகர்த்தினார்.

"உங்களைப் பார்த்தா மானமுள்ள குடும்பமா தெரியுது. ஒரு வழி இருக்கு. இதுல கையெழுத்துப் போடுங்க. 'என் மகள் இந்த உடையுடன் ஒருநாளும் தண்ணீரில் இறங்கவில்லை. உடை காற்றினால் தேய்ந்தது.' அவ்வளவுதான். பலகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கும் பேர் இருக்கும்."

"நீந்த விடுவீங்களாங்க?" என்றாள் அருணா.

"பட்டியல்ல பேர் இருக்கும்மா. நீ உடையைத் தட்டில் ஏந்தி அணிவகுப்பில் நிற்பாய். நீந்தினால் இந்தத் தாள் பொய்யாகிவிடும் அல்லவா?"

தேவநாதன் பேனாவை எடுத்துவிட்டார். முனை தாளில் பட்டுவிட்டது. பயம் மனுஷனை எவ்வளவு வேகமாக எழுத வைக்கிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"போடாதப்பா" என்றாள் அருணா. சத்தமாகச் சொல்லவில்லை. "நான் எறங்கினேன். நீதான கரையில ஒக்காந்து பார்த்துக்கினு இருந்தே."

பேனா நின்றது. விடியற்காலைக் குளமும், அந்தச் சின்னத் தலை போய்த் திரும்பிப் போய்த் திரும்பியதும் அவருக்கு ஞாபகம் வந்தன. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரங்களில் அவர் எதற்கும் பயந்ததில்லை. இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அப்படி ஒரு காலை இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். அப்பாவின் பெயர் முதலெழுத்தாக நிற்கும் கையெழுத்து அது; அதைப் பொய்க்கு அடியில் போட்டு வைப்பதைவிடப் பலகையில் ஒட்டுவதே மேல்.

"நனைஞ்சிச்சிங்க" என்றார். குரல் நடுங்கத்தான் செய்தது. "எம்பொண்ணு நீந்தினா. அதனாலதான் தேஞ்சிச்சி."

பிரேம்குமாரின் கையிலிருந்த பென்சில் உருண்டு கீழே விழுந்தது.

"மெதுவா பேசுங்க" என்றார் கோகுலகிருஷ்ணன். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். "நீந்தினாளா? எங்க?"

"உங்க குளத்துலதாங்க."

"யார் இறக்கிவிட்டது?"

பிரேம்குமார் தலை நிமிரவில்லை. காது மடல் மட்டும் வெளுத்திருந்தது.

"நான்தான் கூட்டியாந்தேன். நான்தான் எறங்கச் சொன்னேன்" என்றார் தேவநாதன்.

கோகுலகிருஷ்ணன் நாற்காலியில் சரிந்தார். மூன்று ஆண்டு அறிக்கையிலும் நனைந்த உடை பூஜ்யம், நீந்தியவர் பூஜ்யம் என்று எழுதியிருந்தது. இப்போது ஒருத்தி நீந்தியிருக்கிறாள். ஒருத்தி நீந்தினாள் என்றால், மற்றவர்கள் ஏன் நீந்தவில்லை என்று எவனாவது கேட்டுவிடுவான். அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. அதைப் பார்த்ததும் தேவநாதனுக்கு ஆறுதல் வரவில்லை. பயந்த அதிகாரி எதையும் செய்வார் என்பது அவர் அனுபவம்.

"சௌந்தரம், கழிவு விதி என்ன சொல்லுது?"

"உடையை மட்டும் தனியா கழிக்க முடியாது சார். உடை பதினேழும் மாணவி பதினேழும் ஒரே பதிவு. கழிச்சா ரெண்டையும் சேர்த்துத்தான் கழிக்கணும்."

"கழி. பதிவே இருக்கக் கூடாது. இல்லாத மாணவி எப்படி நீந்தியிருக்க முடியும்?"

அரை மணியில் பட்டியல் தட்டச்சாகி வந்தது. தேவநாதன் அதைக் கையில் வாங்கிப் படித்தார். உடைந்த மிதவைப் பலகை, நான்கு. ஓட்டை வாளி, இரண்டு. துருப்பிடித்த விசில், ஒன்று. கால் ஆடும் மரப்பெஞ்சு, ஒன்று. அறுந்த கயிறு, ஒரு சுருள். ஆறாவது: நீச்சலுடை எண் 17. ஏழாவது: மேற்படி உடையின் பயன்பாட்டாளர், அருணா, தந்தை பெயர் தேவநாதன்.

"கழிக்கப்படும் பொருட்கள் மறுபடி பயன்படாதபடி, சாட்சி முன்னிலையில் இரண்டாக வெட்டப்பட வேண்டும்" என்று சௌந்தரம் விதியைப் படித்தாள். இழுப்பறையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். உடை ஒரே வெட்டில் இரண்டானது. நாலு மாதத் தேய்மானம், சத்தமே வரவில்லை.

"ஆறு முடிஞ்சிது சார். அடுத்தது ஏழு" என்று சொல்லிக்கொண்டே, கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல், அவள் அருணாவிடம் வந்தாள்.

தேவநாதன் எப்படி நடுவில் வந்தார் என்று அவருக்கே தெரியாது. பை விழுந்து பட்டாவும் சிட்டாவும் தரையெல்லாம் சிதறின. இரண்டு கையையும் விரித்து மகளுக்கு முன்னால் நின்றார்.

"ஐயே, இன்னாங்க இப்படிப் பயந்துட்டீங்க?" என்றாள் சௌந்தரம். "உயிர் இருக்கிறதுக்கு ரப்பர் ஸ்டாம்புதாங்க. கத்திரி ஃபைல் நாடா வெட்டக் கையில வெச்சிருக்கேன். கையை நீட்டும்மா கண்ணு, ஜல்தி."

அருணாவின் வலது மணிக்கட்டில் ஊதா மையில் 'கழிவு' என்று விழுந்தது. துணியில் மூன்று வருடம் அழியாமல் இருப்பதற்கென்றே தயாரித்த மை அது.

பட்டியலின் அடியில் தேவநாதன் கையெழுத்திட வேண்டியிருந்தது: 'ஏழாம் இனம் உள்ளது உள்ளபடி பெற்றுக்கொள்ளப்பட்டது.' ஓட்டை வாளிக்கும் கயிற்றுச் சுருளுக்கும் கீழே தன் மகள். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதை இரண்டு முறை படித்து உறுதி செய்துகொண்டு, முதலெழுத்தோடு முழுதாகப் போட்டார். அப்பாவின் எழுத்து கொஞ்சம் கோணலாகிவிட்டது.

வாசலில் பிரேம்குமார் ஓடி வந்து பிடித்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு மூச்சுவாங்கப் பேசினார்.

"சார், அந்தத் தாளைப் பத்திரமா வெச்சிக்கங்க. ஞாயித்துக்கிழமை தனிப் போட்டியாளரா நீந்தலாம். எந்த மையத்துலயும் பேர் இல்லேன்னு சான்று கேப்பாங்க. அது இதுதான்." பிறகு தேவநாதனின் கையைப் பிடித்தார். "என் பேரைச் சொல்லாம உட்டுட்டீங்களே சார்."

"நீங்க உள்ள போங்க தம்பி. யாராவது பார்த்துடப் போறாங்க."

வீட்டில் ராஜாமணி மகளின் மணிக்கட்டை எலுமிச்சம்பழத்தால் தேய்த்தாள், புளியால் தேய்த்தாள், மண்ணெண்ணெயாலும் தேய்த்துப் பார்த்தாள்.

"எந்தப் படுபாவி எம்பொண்ணப் பார்த்துக் கழிவுன்னு குத்தினது? அவன் கை வெளங்குமா?"

"உடும்மா, எரியுது" என்றாள் அருணா.

வெள்ளிக்கிழமை தேவநாதன் பாண்டிச்சேரி போய் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் நீச்சலுடை கேட்டார். கடைக்காரர் எடுத்துப் போட்டார். தேவநாதன் அதைத் தொடாமலே நின்றார்.

"இது எத்தினி மாசம் உழைக்கணுங்க?"

"உழைக்கணும்னா? உழைக்கிற வரிக்கும் உழைக்கும். கொளத்துலேர்ந்து ஏறினதும் நல்ல தண்ணியில அலசிடுங்க. முறுக்கிப் பிழியாதீங்க. நெழல்ல காயப் போடுங்க. சோப்பு வேணாம். கொளத்துல எறங்கறதுக்கு முந்தி ஒரு சொம்பு நல்ல தண்ணிய ஊத்திக்கினு எறங்கச் சொல்லுங்க, மருந்து அவ்வளவா ஏறாது. சொரசொரப்பான செமெண்டுல ஒக்காரக் கூடாது."

"வேற?"

"வேற இன்னா இருக்குது? போட்டுக்கினு நீந்தினா தேயும். தேஞ்சா வேற வாங்கணும்."

"கையெழுத்து எங்கங்க போடணும்?"

"எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

தேவநாதன் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் நிலையம்வரை வேகமாக நடந்தார். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். யாரும் துரத்தவில்லை.

மண்டலப் போட்டி திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளிக் குளத்தில் நடந்தது. வாசலில் கயிறு கட்டி இரண்டு வரிசை பிரித்திருந்தார்கள். ஒன்றில் 'இருப்பு' என்று அட்டை தொங்கியது. மற்றதில் 'கழிவு'. இருப்பு வரிசைப் பிள்ளைகள் பளபளக்கும் சீருடையில், பாலிதீன் உறை போட்ட நீச்சலுடைகளைத் தட்டில் ஏந்தி, மேளத்தோடு பந்தலுக்குப் போனார்கள். அங்கே நாற்காலி, மின்விசிறி, மோர் எல்லாம் இருந்தன. கோகுலகிருஷ்ணன் முன்வரிசையில், தட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அருணா மணிக்கட்டைக் காட்டினாள். வாசலில் இருந்தவர் பார்த்துவிட்டு, "கழிவா? அந்தாண்ட போம்மா" என்று தண்ணீர்ப் பக்கம் கையைக் காட்டினார்.

ஒலிபெருக்கி முழங்கியது. "நான்காம் பாதை, அருணா, தந்தை பெயர் தேவநாதன், கழிவு." தேவநாதனுக்கு உடம்பு கூசியது. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "ஐந்தாம் பாதை, ரோஜா, தந்தை பெயர் வல்லரசு, கழிவு." அவர் துண்டை இறக்கினார். இரண்டு படி கீழே வல்லரசு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கடலோரக்காரரும் மகள் கடலில் நீந்துகிற உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கிறார். ஆறாம் பாதை, கழிவு. ஏழாம் பாதை, கழிவு. பல மாவட்டத்துப் பெண்கள் எட்டுப் பேர் மேடை ஏறிக் குனிந்து விளிம்பைப் பிடித்தார்கள். எட்டு மணிக்கட்டிலும் ஊதா மை இருந்தது. படிக்கட்டில் எட்டு அப்பன்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், குற்றவாளிகள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

விசில் ஊதியது. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். தண்ணீர் எழும்பிப் பந்தல்வரை தெறித்தது.

"ஐயோ, துணி! துணியைத் தூக்குங்க!" என்று பந்தலில் கூச்சல் எழுந்தது. நாற்காலிகள் சரிந்தன. கோகுலகிருஷ்ணன் இரண்டு தட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். மற்ற அதிகாரிகள் குடையை விரித்தார்கள். மோர்ப் பானை உருண்டது. எந்த உடை மேல் எத்தனை சொட்டு விழுந்தது என்று குனிந்து எண்ணத் தொடங்கியவர்கள் நிமிரவே இல்லை.

அதனால் யார் முதலில் சுவரைத் தொட்டாள் என்பதைப் பந்தலில் ஒருவரும் பார்க்கவில்லை. ரோஜா முதலில் தொட்டாள். அருணா மூன்றாவதாகத் தொட்டாள். தேவநாதன் பார்த்தார், எழுந்து நின்று பார்த்தார்.